ஐந்தாம் பாடவேளை

மேசை மேல் இருபத்தேழு விடைத்தாள்கள். இருபத்தேழும் ஒரே இடத்தில் நின்றுபோயிருந்தன.

வட்டாரக் கல்வி அதிகாரி மூன்றாவது முறையாக அவற்றைப் புரட்டினாள். கால்வாய்ப் பள்ளி, எட்டாம் வகுப்பு, கணக்கு, மாதிரித் தேர்வு. முதல் மூன்று பாடங்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு எல்லாப் பிள்ளைகளும் விடை எழுதியிருந்தார்கள். சிலர் அழகாக, சிலர் அடித்துத் திருத்தி, ஒருவர் ஓரத்தில் பூனை வரைந்து. நான்காவது பாடத்தின் முதல் கேள்வி வந்ததும் எல்லாத் தாளும் வெள்ளை. அதற்குப் பிறகு கடைசிப் பக்கம் வரை வெள்ளை.

அதிகாரியாவதற்கு முன் பத்தொன்பது வருடம் கணக்கு ஆசிரியையாக இருந்தவள் அவள். ஒரு கட்டு விடைத்தாளைப் புரட்டினால் அந்த வகுப்பில் என்ன நடந்தது என்று சொல்லிவிடுவாள். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிய வகுப்பு என்றால் ஒரே தப்பு பத்துத் தாளில் வரும். இங்கே ஒவ்வொருவர் தப்பும் தனித் தப்பு. படிக்காத வகுப்பு என்றால் ஒருவன் ஐந்தாவது பாடத்தில் நிற்பான், ஒருத்தி ஏழாவதில் நிற்பாள், இன்னொருவன் எதையாவது கிறுக்கியாவது வைப்பான். சோம்பல் இருபத்தேழு பேருக்கும் ஒரே கேள்வியில் வராது.

நான்காவது பாடத்தை நடத்தவே இல்லை என்றால்? அது பொருந்தியது. ஆனால் பக்கத்தில் இருந்த இன்னொரு கட்டு அதைக் கெடுத்தது. மேட்டுப் பள்ளி எட்டாம் வகுப்பில் ஒன்பது பாடங்களும் நடந்திருந்தன. இரண்டு பள்ளிக்கும் கணக்கு ஆசிரியர் ஒருவரே, பகிர்வு ஆசிரியர். காலையில் மேட்டுப் பள்ளி, பிற்பகல் கால்வாய்ப் பள்ளி. ஒரு நாள்கூட விடுப்பு எடுத்ததில்லை. கால்வாய்ப் பள்ளியிலேயே ஆறாம், ஏழாம் வகுப்புகளின் கணக்குத் தாள்கள் ஒழுங்காகத்தான் இருந்தன.

அதே ஆசிரியர், அதே பள்ளி, அதே பிற்பகல். ஒரு வகுப்புக்கு மட்டும் நான்காவது பாடம் வந்து சேரவில்லை.

அந்த ஆசிரியர் அவளுடைய சொந்தத் தம்பி. ஒரு போன் போட்டால் தீர்ந்தது. போடக் கை வரவில்லை.

காரணம் வீட்டில் அவள் போட்ட சட்டம். அக்கா கல்வி அதிகாரி, தம்பி அவள் கீழ் வேலை செய்யும் ஆசிரியன், தம்பி மனைவி பள்ளிகளுக்கு இலவசமாக வேன் கொடுக்கும் கம்பெனியில் வண்டிகளை அனுப்பி வைப்பவள். மூன்று பேரும் ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள். ‘அவங்களுக்கென்ன, எல்லாத்தையும் சாப்பாட்டு மேசையிலேயே முடிச்சுக்குவாங்க’ என்று ஊரில் யாரும் சொல்லிவிடக் கூடாது. அதனால் பதவிக்கு வந்த அன்றே சொல்லிவிட்டாள்: வீட்டுக்குள் ஆபீஸ் பேச்சு கிடையாது. இரண்டு மாதத்துக்கு முன்பு தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, தட்டிலிருந்து தலை நிமிராமலே, “ஆபீசுக்கு மனு குடுடா” என்றாள். அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனான். அன்றிலிருந்து அவள் சாப்பிட்டு முடித்த பிறகுதான் மேசைக்கு வருகிறான். புருஷனும் பெண்டாட்டியும் தனிக்குடித்தனத்துக்கு அடிபோடுகிறார்கள் என்றுதான் இன்று காலைவரை அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

“மேடம், அறிக்கை ரெடி.”

கதவருகே எழுத்தர் நின்றார். கையில் அகப்பட்ட காகிதத்திலெல்லாம் முத்திரை குத்திவிடுவார் என்பதால் ஆபீஸ் முழுக்க அவருக்கு ‘சீல்’ என்று பெயர். அவரே தன்னை அப்படித்தான் சொல்லிக்கொள்வார்.

மாலை நான்கு மணிக்குக் கல்விக் குழு கூடுகிறது. பருவத்துக்கு ஒரு முறை அதிகாரி குழுவுக்கும் பெற்றோருக்கும் முன்னால் நின்று ஏழு பள்ளிகளின் நிலையை வாசிக்க வேண்டும். மூன்று தலைப்பு: ஆசிரியர், மாணவர், சமூகப் பங்களிப்பு.

“படிங்க.”

“ஆசிரியர். ‘ஏழு பள்ளிகளிலும் காலிப் பணியிடம் எதுவும் இல்லை.’ ஒரு பிரச்சினையும் இல்ல. கடைசியா, சமூகப் பங்களிப்பு. ‘வேன் நிறுவனம் தன் இலவசச் சேவையைத் தொடர்ந்து வழங்கி வருகிறது.’ அதுவும் ஓகே. நடுவுல மாணவர்தான் கொஞ்சம் இடிக்குது.”

“கால்வாய்ப் பள்ளிக்கு என்ன எழுதியிருக்கீங்க?”

“‘எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் கணக்கில் போதிய ஆர்வம் காணப்படவில்லை.’”

“யார் போய்ப் பார்த்தா?”

“யாரும் பார்க்கல மேடம். அதனாலதான் காணப்படலைன்னு போட்டிருக்கேன்.”

அவள் சிரிக்கவில்லை. அந்த ஒரு வரி என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும். இன்னும் ஐந்து வாரத்தில் மேல்நிலைப் பள்ளிக்கான நுழைவுத் தேர்வு. ‘ஆர்வம் இல்லை’ என்று அறிக்கையில் வந்துவிட்டால், வட்டாரத்தின் தேர்ச்சி விகிதம் குறையாமல் இருக்க, அந்தப் பிள்ளைகளின் பெயர்களைத் தேர்வுப் பட்டியலிலிருந்து அடித்துவிடும் அதிகாரம் குழுவுக்கு உண்டு. போன வருடம் இன்னொரு பள்ளியில் பதினோரு பெயர்களை அப்படித்தான் அடித்தார்கள். அந்தப் பதினோரு பேரில் ஒருவர்கூட இன்று எந்தப் பள்ளியிலும் இல்லை.

“அறிக்கைக்கு இன்னும் முத்திரை போடாதீங்க” என்றாள்.

சீலின் முகம் வாடிவிட்டது. “போட்டுட்டேனே மேடம்.”

---

கால்வாய்ப் பள்ளி ஒரே நீளக் கட்டடம். ஆறு அறைகள், முன்னால் ஒரு வராந்தா, எதிரே மண் பாதை, பாதையின் முடிவில் கால்வாய்ப் பாலம். தலைமையாசிரியை இரண்டு அறைகளுக்கு நடுவிலிருந்த வாசற்படியில் நின்று, இடது பக்கம் நான்காம் வகுப்புக்கும் வலது பக்கம் ஐந்தாம் வகுப்புக்கும் ஒரே நேரத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். ஜீப்பைப் பார்த்ததும் சாக்குக்கட்டி கையிலிருந்து நழுவியது.

“மேடம், சொல்லாம கொள்ளாம…”

“நீங்க நடத்துங்க. நான் எட்டாம் வகுப்புல உக்கார்றேன்.”

ஒன்று இருபதுக்கு மணி அடித்தது. உணவு இடைவேளைக்குப் பிறகு வரும் முதல் வகுப்பு, நாளின் ஐந்தாம் பாடவேளை. அதிகாரி கடைசி பெஞ்சில் இருந்தாள். இருபத்தேழு பிள்ளைகளும் கணக்குப் புத்தகத்தை எடுத்து வைத்தார்கள். யாரும் வரவில்லை. யாரும் வராததைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை. வகுப்புத் தலைவியாக இருந்த சிறுமி அளவுகோலை மேசையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஜன்னலோரம் போய் நின்றுகொண்டாள்.

“இது கணக்கு பீரியட்தானே?”

“ஆமா மேடம்.”

“சார் எங்கே?”

“வருவார் மேடம். தினமும் வருவார்.” சிறுமி கொஞ்சம் யோசித்தாள். சாரைக் காட்டிக்கொடுப்பது போல ஆகிவிடுமோ என்ற யோசனை. “அவர் வர்றப்ப எங்க பீரியட் முடிஞ்சிருக்கும். அவ்வளவுதான்.”

முன் பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“அப்ப நீங்க என்ன பண்ணுவீங்க?”

“மூணாவது பாடத்தையே போட்டுப் பார்ப்போம். அதுதான் தெரியும். நாலாவது பாடத்துல மொத நாள் தலைப்பு மட்டும் எழுதிப் போட்டார். மறுநாள்ல இருந்து வேன் லேட்.” அவள் ஜன்னலுக்கு வெளியே கை காட்டினாள். “அந்தப் பாலத்துல வேன் ஏறினா புக்கை மூடிடுவோம். அதான் எங்களுக்கு பெல்.”

ஒன்று ஐம்பத்து நான்குக்கு வேன் பாலத்தில் ஏறியது. இருபத்தேழு புத்தகங்கள் மூடிக்கொண்டன.

வேன் பாதை முனையில் நின்றது. மண் பாதைக்குள் அதனால் திரும்ப முடியாது. தம்பி இறங்கினான். தோளில் பையை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான். முப்பத்தாறு வயது ஆள், வியர்க்க வியர்க்க, பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரி ஓடி வந்தான். வராந்தாவில் கால் வைத்தபோது இரண்டு மணி அடித்தது. எட்டாம் வகுப்பு வாசலைத் தாண்டும்போது மட்டும் தலையைக் குனிந்துகொண்டான். அது பழகிய குனிவு என்று பார்த்தாலே தெரிந்தது.

நிமிர்ந்தபோது எதிரில் அக்கா நின்றாள்.

“அக்கா…” பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டு, “மேடம்” என்றான்.

“எத்தனை நாளா?”

“ஐம்பத்து மூணு.” உடனே சொன்னான்.

“ஏன்டா சொல்லல?”

“சொல்ல வந்தேன். மனு குடுன்னே.”

“அப்ப மனு குடுக்க வேண்டியதுதானே?”

“குடுத்தா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா? ‘பகிர்வு சரியா வரல’ன்னு ஒரு வரி போதும், பிற்பகல் வேலையை எடுத்துடுவாங்க. இப்பவே எல்லாரும் என்னைப் பாதி சார்னுதான் கூப்பிடுறாங்க. பாதி வேலைக்கு முழு ஆளை எதுக்கு வெச்சுக்கணும்பாங்க.” அவனுக்கு மூச்சு இன்னும் அடங்கவில்லை. “மொத வாரம் தானா சரியாயிடும்னு நெனைச்சேன். ரெண்டாவது வாரம் போய்ச் சொன்னா, மொத வாரம் ஏன் சொல்லலைன்னு கேப்பாங்களேன்னு பயம். அப்புறம் தினமும் அதே பயம். நாள் கூடக்கூட அதுவும் கூடிச்சு.”

“ஒரு பைக் வாங்கியிருந்தாக்கூட…”

“அப்பா ரோட்டுல அடிபட்டுப் போனதுக்கப்புறம் என்னை பைக் சாவியைத் தொட விட்டியா நீ?”

ஏழாம் வகுப்பிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

“ஏழாம் வகுப்பு காத்திருக்கு. போகட்டுமா மேடம்?”

அவன் உள்ளே போய்விட்டான். ஒரு நிமிடத்துக்குள் பலகையில் சாக்குக்கட்டி ஓடும் சத்தம் கேட்டது. நல்ல ஆசிரியன். அந்தச் சத்தத்தின் வேகத்திலேயே அது தெரியும்.

தலைமையாசிரியை பின்னால் வந்து நின்றார். “நான் மறைக்கணும்னு மறைக்கல மேடம். மாதாந்திரப் படிவம் என்ன கேக்குது? காலிப் பணியிடம் உண்டா, இல்லையான்னு. காலி இல்லையே. ஆள் இருக்கார். நேரம்தான் இல்ல. அதுக்குப் படிவத்துல கட்டமே இல்ல.”

“வாயால சொல்லியிருக்கலாம்.”

“சொன்னா எட்டாம் வகுப்பை மேட்டுப் பள்ளிக்குத் தூக்கிடுவீங்க. எட்டு போனா ஏழும் போகும். அப்புறம் நான் யாருக்குப் பள்ளிக்கூடம் திறக்கறது?”

அந்தப் படிவத்தைத் தயாரித்தவள் அதிகாரிதான்.

---

வேன் கம்பெனியில் தம்பி மனைவியின் இடம் ஒரு கண்ணாடி அறை. சுவர் முழுக்க ஒரு பலகை. பலகையில் வரிசை வரிசையாக ஆணி. ஒவ்வொரு ஆணிக்கும் மேலே ஒரு நேரம். வேன் நம்பர் எழுதிய தகடு எந்த ஆணியில் தொங்குகிறதோ, அந்த நேரத்தில் அந்த வேன் புறப்பட வேண்டும். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அவள் தகடுகளை மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டிருந்தாள். நாத்தனாரைக் கண்டதும் போன் சரிந்தது.

“அண்ணி! அவருக்கு ஏதாவது…”

“அவன் நல்லாத்தான் இருக்கான். மத்தியான வேன் ஏன்மா லேட்டா வருது?”

“லேட்டா? எங்க வண்டி ஒரு நிமிஷம்கூட லேட் கிடையாது.” தொழில் பெருமை முதலில் பேசியது. பிறகுதான் விஷயம் புரிந்தது. குரல் இறங்கியது. “பன்னெண்டு நாற்பது வண்டியை ஒண்ணு இருபதுக்கு மாத்திப் பதினோரு வாரம் ஆச்சு. மேட்டு ஆஸ்பத்திரிச் சலவைத் துணிமூட்டையை எடுக்க அந்த நேரம்தான் வசதின்னாங்க. உங்க ஆபீசுக்கு லெட்டர் அனுப்பினோமே.”

கோப்பிலிருந்து கடிதத்தின் நகலை எடுத்து வைத்தாள். ‘சேவை வழக்கம்போல் தொடரும். புறப்படும் நேரத்தில் மட்டும் சிறு மாற்றம்.’ கீழே சீலின் முத்திரை. அதன் கீழே பச்சை மையில் ‘பார்த்தேன்’. அதிகாரியின் கையெழுத்து.

சிறு மாற்றம்தான். பன்னிரண்டு நாற்பதுக்கு மேட்டுப் பள்ளியில் கிளம்பிய வேன் முப்பத்தைந்து நிமிடத்தில், ஒன்று பதினைந்துக்கு, கால்வாய்ப் பள்ளிக்கு வந்துவிடும். ஐந்து நிமிடம் கழித்து ஐந்தாம் பாடவேளை தொடங்கும். இப்போது ஒன்று இருபதுக்குக் கிளம்பி ஒன்று ஐம்பத்தைந்துக்கு வருகிறது. தள்ளிப்போனது நாற்பது நிமிடம். ஒரு பாடவேளையின் நீளமும் நாற்பது நிமிடம். ஆறாவதும் ஏழாவதும் அப்படியே இருக்க, ஐந்தாவது மட்டும் அளந்து வெட்டியது போலப் போய்விட்டது. ஐந்தாவதாக எந்த வகுப்பு இருந்ததோ அது மட்டும் விழுந்தது. ஆசிரியர் தினமும் வந்தார், வேன் தினமும் வந்தது, படிவம் மாதம் தவறாமல் வந்தது. எல்லாம் வந்துகொண்டிருந்ததால்தான் யாரும் தேடவில்லை.

“உனக்குத் தெரியுமா?” என்றாள் அதிகாரி.

“மொத நாளே தெரியும். தகட்டை அந்த ஆணியில மாட்டினதே நான்தானே.” அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள். “உங்க லெட்டர், அவர் பீரியட், என்னோட டிரிப் ஷீட். மூணும் இத்தனை நாளா ஒரே மேசையில உக்காந்து சாப்பிட்டிருக்கு அண்ணி. பேச்சு மட்டும்தான் கிடையாது.”

அதிகாரி ஒரு காகிதத்தை இழுத்து மூன்று வகுப்பையும் எழுதினாள். எட்டாம் வகுப்பை ஆறாம் பாடவேளைக்கு மாற்றிப் பார்த்தாள். ஏழாம் வகுப்பு விழுந்தது. கடைசிக்கு மாற்றினால் ஆறாம் வகுப்பு விழுந்தது. இரண்டு பாடவேளைக்குள் மூன்று வகுப்பு போகாது. மாலையில் நீட்டலாமா என்றால், மூன்று இருபதுக்கு மேல் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வீடு திரும்ப பஸ் இல்லை.

“காலையில அந்த வண்டி எங்கே இருக்கும்?”

தம்பி மனைவி பலகையைப் பார்க்கவே இல்லை. பதில் அவளிடம் பதினோரு வாரமாக இருந்தது.

“ஏழு மணிக்கு இங்கிருந்து காலியா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும். எட்டு மணிக்குப் போய்ச் சேரும். காலை மூட்டை ஒன்பது மணிக்குத்தான் மாடியிலிருந்து இறங்கும். நடுவுல ஒரு மணி நேரம் டிரைவர் வாசல்ல தூங்குவார்.”

“கால்வாய்ப் பக்கமா சுத்திப் போனா?”

“கொஞ்சம்தான் கூடும். தூக்கத்தை ஆஸ்பத்திரி வாசலுக்குப் பதிலா பள்ளிக்கூட வாசல்ல தூங்கணும், அவ்வளவுதான். முதலாளிகிட்ட கேக்கணும். கேட்டா சரிம்பார்.” சட்டென்று அவள் குரல் மாறியது. “அண்ணி, நான் இன்னைக்கே கேட்டு வாங்கறேன். நீங்க அறிக்கையில இந்த ஏற்பாட்டை மட்டும் எழுதுங்க. அந்த ஐம்பத்து மூணை எழுதிடாதீங்க. அவர் வேலை போயிடும்.”

“எழுதலைன்னா அந்த வெள்ளைத் தாளுக்கு யார் காரணம்னு கேப்பாங்க.”

“கேக்கட்டுமே. பிள்ளைங்க படிக்கலைன்னு சொன்னா யாரும் அடுத்த கேள்வி கேக்க மாட்டாங்க. தினமும் எத்தனை பேரைப் பத்தி அப்படி எழுதுறீங்க?”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்ன என்று அவளுக்கே காதில் விழுந்திருக்க வேண்டும். தகடு ஒன்றை ஆணியிலிருந்து எடுத்தாள். மறுபடி அதே ஆணியில் மாட்டினாள்.

மணி மூன்று இருபது.

---

கூட்ட அறையில் முன் வரிசையில் குழுவினர் ஏழு பேர், பின்னால் பெற்றோர் நாற்பது ஐம்பது பேர். சீல் முத்திரை போட்ட அறிக்கை அவள் கையில் இருந்தது. அதன் பின்பக்கத்தில் பேனாவால் எழுதியிருந்ததைத்தான் அவள் வாசித்தாள்.

“ஆசிரியர். ஏழு பள்ளிகளிலும் காலிப் பணியிடம் இல்லை. ஆனால் கால்வாய்ப் பள்ளி எட்டாம் வகுப்புக் கணக்குப் பாடவேளையில் ஐம்பத்து மூன்று நாள் ஆசிரியர் இல்லை. ஆசிரியர் அதைத் தெரிவிக்கவில்லை. அவர் என் தம்பி.

“மாணவர். அந்த வகுப்பில் இருபத்தேழு பேர். நடத்திய மூன்று பாடங்களையும் எழுதியிருக்கிறார்கள். நடத்தாத ஆறு பாடங்களை எழுதவில்லை.

“சமூகப் பங்களிப்பு. வேன் நிறுவனம் நேர மாற்றத்தை முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்தது. நான் படித்தேன், கையெழுத்துப் போட்டேன். அந்த நேரத்தில் எந்த வகுப்பு இருக்கிறது என்று பார்க்கவில்லை.”

குழுத் தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்க அவருக்கு ரொம்ப நேரம் பிடித்தது.

பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். கையில் கிரீஸ் கறை. பட்டறையிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும்.

“அப்ப எங்க பிள்ளைங்க மக்கு இல்லைங்களா மேடம்?”

“இல்லை.”

“சரி. வீட்டுல போய்ச் சொல்றேன், சந்தோஷப்படும்.” அவர் உட்காரப் போனார், மறுபடி நிமிர்ந்தார். “ஆனா பரீட்சைல அதை எழுத முடியாதே.”

குழு அரை மணி நேரம் பேசியது. பெயர்களை அடிக்கப் போவதில்லை, இருபத்தேழு பேரும் தேர்வு எழுதலாம். தேர்வுத் தேதியைத் தள்ளிவைக்கக் குழுவுக்கு அதிகாரம் இல்லை. கேள்வித்தாளைக் குறைக்கவும் அதிகாரம் இல்லை. கூடுதல் ஆசிரியர் கேட்டால் அடுத்த கல்வியாண்டில் பார்க்கலாம். பகிர்வு ஆசிரியர் மேல் விசாரணை தேர்வு முடிந்ததும் தொடங்கும். அதுவரை அவர் வேலையில் இருக்கலாம், இரக்கத்தால் அல்ல, வேறு ஆள் இல்லாததால். அதிகாரி தன் கையெழுத்துக்கு எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும், தம்பியின் விசாரணைப் பக்கம் வரக் கூடாது.

வாசலில் தலைவர் அவளுடைய காதருகே குனிந்தார். “அந்த ஒரு வரியை விட்டிருந்தா எல்லாருக்கும் நல்லா இருந்திருக்கும்மா. எதுக்கு வேலியில போறதை எடுத்து…”

அவள் ஜீப்பில் ஏறிக்கொண்டாள்.

---

வீட்டில் விளக்குப் போடும் நேரம். மேசையில் மூன்று பேரும் இருந்தார்கள். இரண்டு மாதத்துக்குப் பிறகு. சாப்பிட எதுவும் இல்லை, யாரும் சமைக்கவில்லை.

“முதலாளி சரின்னுட்டார்” என்றாள் தம்பி மனைவி. டிரிப் ஷீட் அவள் முன்னால் இருந்தது. நாத்தனாரைப் பார்க்காமல் அடுத்ததையும் சொன்னாள். “பரீட்சை முடிஞ்சதும் நாங்க தனியாப் போறோம் அண்ணி. வீடு பார்த்தாச்சு.”

“சரிம்மா.”

அதிகாரி பையிலிருந்து விடைத்தாள் கட்டை எடுத்து மேசையில் வைத்தாள்.

தம்பி இருபத்தேழு விடைத்தாள்களையும் தன் பக்கம் இழுத்தான். முதல் மூன்று பாடத்துக்கான மதிப்பெண்களை ஒவ்வொன்றாகக் கூட்டி ஓரத்தில் எழுதிக்கொண்டு போனான். அவன் என்ன செய்கிறான் என்று அக்காவுக்குப் புரிந்தது. அவளும் மனதுக்குள் அதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஐந்து வாரம், வாரத்துக்கு ஐந்து வகுப்பு, மொத்தம் இருபத்தைந்து. ஒரு பாடத்துக்கு எட்டு வகுப்பு வேண்டும். மூன்று பாடம் நடத்தலாம். பழைய மூன்றோடு சேர்ந்தால் ஆறு. ஒன்பது பாடத்துக்கு நூறு மதிப்பெண் என்றால் ஆறு பாடத்துக்கு அறுபத்தாறு. தேர்ச்சிக்கு அறுபது வேண்டும். ஆறு மதிப்பெண்ணுக்கு மேல் யாரும் தவறவிடக் கூடாது. புதிய மூன்றிலும் இதே அளவுதான் எடுப்பார்கள் என்று வைத்தால், பழைய மூன்று பாடத்துக்கும் சேர்த்து முப்பத்து மூன்றுக்குக் குறைந்தது முப்பது எடுத்தவர்களால்தான் அது முடியும்.

“நாலு பேர்” என்றான் தம்பி.

“ம்.”

“அந்த ஜன்னல்கிட்ட நிக்கற பொண்ணுக்கு இருபத்தொன்பது. அவ தேறமாட்டா.”

“சேர்த்துப் பாரேன், ரெண்டு பாடத்தை ஒண்ணா…”

“நீ கணக்கு டீச்சர்தானே அக்கா? நாலாவதை விட்டுட்டு அஞ்சாவது நடத்த முடியுமா? அஞ்சு புரியலைன்னா ஆறு எப்படிப் புரியும்?” அவன் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. “இருபத்து மூணு பேர் கிட்ட தினமும் காலையில போய் நின்னு, உங்களுக்குப் பத்தாதுன்னு தெரிஞ்சே நடத்தணும்.”

“நாளைக்குப் போவியாடா?”

அவன் தாள்களை அடுக்கி, ஓரங்களைத் தட்டிச் சரிசெய்து, ரப்பர் பேண்டு போட்டான். பிறகு மறுபடி கழற்றினான்.

தம்பி மனைவி பேனாவை எடுத்தாள். “நேரத்தைச் சொல்லுங்க. ஷீட்ல எழுதணும். எழுதலைன்னா டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார்.”

அதிகாரி ஒருமுறை கூட்டிப் பார்த்தாள். இன்னொரு முறை கூட்டினாள். பிறகு, வீட்டில் ஆபீஸ் பேச்சை முதல் முறையாகத் தானே பேசினாள்.

“வண்டி இங்கிருந்து ஏழு அஞ்சுக்குக் கிளம்பணும். இவனை ஏத்திக்கிட்டு கால்வாய் ரோடு வழியாப் போய், ஏழு முப்பத்தஞ்சுக்குப் பள்ளிக்கூடம். ஏழு நாற்பதுல இருந்து எட்டு இருபது வரைக்கும் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு. வண்டி அங்கேயே நிக்கும். எட்டு இருபதுக்குக் கிளம்பினா எட்டு ஐம்பத்தஞ்சுக்கு மேட்டுப் பள்ளியில இவனை இறக்கிட்டு, ஒன்பதுக்கு ஆஸ்பத்திரி. மத்தியானம் இப்ப வர்ற மாதிரியே ஒண்ணு இருபது. ஆறாவது பீரியட் ஏழாம் வகுப்பு, ஏழாவது பீரியட் ஆறாம் வகுப்பு. எந்த வகுப்பும் விழாது.”